மாதுளைச் சிவப்பு

"அத்தை, இன்னைக்கு மட்டும் நீங்க வாயைத் திறக்காம இருந்தா நல்லாருக்கும்," என்றாள் மருமகள், கோப்பைகளைத் துடைத்துக்கொண்டே.

மாமியார் கோபித்துக்கொள்ளவில்லை. "எதுக்கும்மா?" என்று மட்டும் கேட்டாள்.

மருமகள் கடைசிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். போன தடவை அரிய கற்கள் சேகரிப்போர் சங்கத்தார் வந்திருந்தபோது, மாமா தன் கல்லை விளக்கடியில் பிடித்ததும் அத்தை வழக்கம்போல, "அம்மாடி, எப்படிச் சிவந்துடுச்சு பாருங்க" என்று வாய்பிளந்தாள். சங்கத்தார் சிரித்தார்கள். படியிறங்கும்போது தலைவரின் மனைவி அதே குரலில் "அம்மாடி" என்று பழிப்புக் காட்டியதை, கல்யாணமாகி வந்த சூட்டோடு இவள் கேட்டுவிட்டாள். மகன் பிறப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்ட கல்லைப் பார்த்து இன்னமும் வாய்பிளந்தால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

"சின்னப் பிள்ளை மாதிரி ஆச்சரியப்படறீங்கன்னு உங்களைக் கிண்டல் பண்றாங்க, அத்தை. எனக்கு மனசு கேக்கல."

மாமியார் அவள் கன்னத்தைத் தட்டினாள். "சரி. பேசல."

மாமாவுக்கு அது சாதாரண மாலையல்ல. ஏழு பேர் கொண்ட அந்தச் சங்கத்தில் தலைவர், துணைத்தலைவர், செயலாளர், இணைச்செயலாளர், பொருளாளர், ஆலோசகர் போக, பதவியில்லாத ஒரே உறுப்பினர் அவர்தான். வரப்போகும் கண்காட்சியில் யாருடைய கல்லை நடுநாயகமாக வைப்பது, அதைப் பற்றி யாரைப் பேசச் சொல்வது என்று இன்று முடிவாகும். அச்சகத்தில் பிழை திருத்துபவராக ஆயுசு முழுக்கக் கறுப்பு வெள்ளையிலேயே கழித்த மனிதருக்கு, ஒரு நாளாவது நிறத்தைப் பற்றி மேடையேறிப் பேசிவிட வேண்டும் என்று ஆசை. மனைவி எடுத்துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

மருமகளும் தன் பங்குக்கு வீட்டைத் துலக்கினாள். மேசை விளக்கில் அழுது வடிந்துகொண்டிருந்த பழைய குண்டு பல்பைக் கழற்றிவிட்டு, அதே மஞ்சளில் புது எல்.இ.டி. பல்பை மாட்டினாள்.

சங்கத்தார் வந்தார்கள். தலைவரின் கழுத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி தொங்கியது; தூங்கும்போதும் அதைக் கழற்றுவதில்லை என்று கேள்வி. வெகுநேரம் தன்னைப் பற்றியே பேசிவிட்டு, தனக்கு நேரமில்லை என்றார்.

மாமா பஞ்சுக்குள்ளிருந்து கல்லை எடுத்தார். துவரம்பருப்பளவுதான். ஜன்னலோரம் பிடித்தபோது, பச்சை என்றால் அப்படியொரு பச்சை.

அலெக்சாண்ட்ரைட் என்று அதை அறிமுகப்படுத்தினார். வைரத்தைக் காசிருந்தால் வாங்கிவிடலாம், இதற்குக் கொடுப்பினை வேண்டும் என்றார். நீலக்கல்லுக்கு அடுத்தபடியான கெட்டி, லேசில் கீறல் விழாது என்றார். வெயிலில் இளந்தளிர், விளக்கில் மாதுளை என்று சொல்லிக் கைதட்டலுக்குக் கொஞ்சம் இடம் விட்டார். அது வராததால் தொடர்ந்தார்.

"ஆனா எல்லா வெளிச்சத்துக்கும் இது மயங்கிடாது. இழை பழுத்து எரியற குண்டு பல்புதான் வேணும். இந்த எல்.இ.டி.ல சிவப்பு பத்தாது. கல்லு அசையாது."

கதவோரம் நின்ற மருமகள், தான் மாட்டிய பல்பைப் பார்த்தாள்.

அவள் வாயெடுப்பதற்குள் மாமா திரையை இழுத்து மூடி விளக்கைப் போட்டுவிட்டார். கல் அதே பச்சையில் நின்றது. அவர் எதற்கோ காத்திருப்பவர்போலச் சமையலறைப் பக்கம் பார்த்தார். அங்கிருந்து சத்தமில்லை. தொண்டையைச் செருமினார். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பாருங்க," என்றார் மாமா. "மாதுளைச் சிவப்பு."

செயலாளர் பொருளாளரைப் பார்த்தார். தலைவரின் மனைவிக்கு உதட்டோரம் ஒரு சிரிப்பு புறப்பட்டு வந்துகொண்டிருந்தது. மருமகளுக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அப்போது தேநீர்த் தட்டோடு அத்தை வந்தாள். கல்லைப் பார்த்தாள். கணவரின் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மாடி, எப்படிச் சிவந்துடுச்சு பாருங்க."

அடுப்படியிலிருந்து வந்தவளுக்கே தெரிகிற சிவப்பு தங்களுக்குத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? முதலில் ஆலோசகருக்குச் சிவந்தது. பிறகு பொருளாளருக்கு. தலைவர் உருப்பெருக்கியை வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, இவ்வளவு ஆழமான சிவப்பைத் தன் அனுபவத்தில் ஒரே ஒரு முறைதான் கண்டிருப்பதாகவும், அதுவும் தன்னிடமுள்ள கல்லில்தான் என்றும் சொன்னார். நடுநாயகம் மாமாவின் கல்தான், பேசுவதும் அவர்தான் என்று தேநீர் ஆறுவதற்குள் முடிவாயிற்று.

அத்தை அவர்களை வழியனுப்பக் கீழே இறங்கினாள். மாமா மேசை விளக்கின் பல்பைத் தொட்டுப் பார்த்தார்.

"சுடவே இல்லையே. நீயாம்மா மாத்தின?"

மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "தெரியாம பண்ணிட்டேன் மாமா. ஆனா கல்லு பச்சையாவே நிக்குதுன்னு தெரிஞ்சும் நீங்க எப்படி அவ்வளவு தைரியமா..."

"நான் சொன்னப்போ தெரியாதும்மா. உங்கத்தை சொன்னப்புறம்தான் தெரிஞ்சுது."

"அத்தையும் சிவப்புன்னுதானே சொன்னாங்க?"

மாமா படிக்கட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குப் பிறந்ததிலிருந்தே பச்சையும் சிவப்பும் ஒண்ணுதாம்மா. அது அவளுக்குத் தெரியும். தெரியும்னு எனக்குத் தெரியாத மாதிரி நானும் இருந்துட்டு வரேன். இத்தனை வருஷமா அந்தக் கல்லை அவ குரல்லதான் பார்க்கறேன். இன்னைக்கு அவ வாய்தான் சிவப்புன்னு சொல்லுச்சு, குரல் பச்சையாவே இருந்துது."