உள்ளூர் பாஸ்

பக்கத்தில் வந்து உட்காருங்கள் கண்ணுகளா, சின்னக் கதைதான், சொல்லிவிடுகிறேன்.

நாற்கரச் சாலை வரப்போகிறது என்றார்கள். சாலைக்கு முன்னால் சுங்கச்சாவடி வந்துவிட்டது, சடையாண்டியின் எள்ளுக்காட்டுக்குப் போகிற வண்டிப்பாதையின் குறுக்கே. தினமும் அவர் கிடாரி மாட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்ததும் சீருடைக்காரன் சிரித்துக்கொண்டே தடுப்புக் கம்பைத் தூக்கிவிடுவான். அந்தச் சிரிப்புதான் சடையாண்டிக்கு ஆகவில்லை. ஒருநாள் கம்பு எழவில்லை. சிரிப்பு மட்டும் இருந்தது, கூடவே ஒரு மைப்பெட்டியும்.

"உள்ளூர்க்காரங்களுக்கு இலவச பாஸ், பெரியவரே. கைநாட்டு வச்சு வாங்கிக்கிடுங்க."

"எங்க அய்யா நடந்த பாதைக்கு எதுக்கு தம்பி பாஸு? இது யாருது, சர்க்காருதா, கம்பெனியுதா?"

"ரெண்டு பேரும் கூட்டு. முப்பது வருசத்துக்கு."

"அந்தக் கூட்டுல என்னைய எப்பச் சேத்தாக?"

"அதான் இலவசம்னு போட்டிருக்குல்ல! உங்க மாட்டுக்கும் சேத்துத்தான்."

காட்டுக் கிணறு கம்புக்கு அந்தப் பக்கம். தாகம் தாங்காத கிடாரி தலையைத் தாழ்த்திக் கம்புக்கடியில் நுழைந்து அப்பால் போய்விட்டது. சடையாண்டி இந்தப் பக்கமே நின்றார், கட்டைவிரலை உள்ளே மடக்கி, விறைத்த கயிற்றைப் பிடித்தபடி.

உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் எரியட்டும் கண்ணுகளா. உங்கள் வாசலில் உங்களுக்கே வழிவிட ஒருத்தரும் வராதிருக்கட்டும்.