நாலு வருஷமாக வராத குருவி

குளிர்தேசத்தின் இலையடர்ந்த பீச் மரக் காட்டில் பறவைகள் கண்ணில் படாது; குரலை வைத்துத்தான் எண்ணுவார்கள். பல வருஷமாக அங்கே கணக்கெடுக்கும் எஸ்கில் கிழவர், உதவிக்கு வந்த மாலினுக்கு முதல் நாளிலிருந்தே பரீட்சை வைத்தார். பஸ் ஓட்டுநர் மகளுக்குப் பறவையைப் பற்றி என்ன தெரியும் என்ற நினைப்பு போலும்!

இன்றும் ஆரம்பித்துவிட்டார். “என்ன பொண்ணே, ஏதாவது கேக்குதா?”

“உங்களுக்குத் தெரியாததா?”

அவர் நோட்டைத் திறந்தார். “மஞ்சக்கழுத்துக் கதிர்க்குருவி இந்த மே மாசமும் ஆப்பிரிக்காவுலேருந்து திரும்பல. நாலு வருஷமாச்சு. இந்தக் காட்டுல அது அத்துப்போச்சுன்னு எழுதிட வேண்டியதுதான்.”

சொன்னாரே தவிர, பேனா தாளில் இறங்கவில்லை.

மாலின் வெடித்தாள். “போதும் பெரியவரே! எனக்குப் பொறி வைக்காதீங்க. அஞ்சு நிமிஷமா அது உங்க தலைக்கு மேலதான் கத்திக்கிட்டிருக்கு!”

எஸ்கில் அண்ணாந்து பார்த்தார். கிளையில் அந்தக் குருவி அலகைத் திறந்து, உடம்பெல்லாம் அதிர நின்றது.

“இப்ப... பாடுதா?”

“கீச்சுக்குரல்ல தொண்டை கிழியப் பாடுது. ஏன் கேக்கறீங்க?”

கிழவர் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர், முகமெல்லாம் சிரிப்பு.

“ரொம்ப நன்றிம்மா! குருவி எங்கேயும் போகல. என் காதுதான் போயிருக்கு!”