தொட்டிமேல் மிச்சமிருந்த வெயில்

எதிரே இருந்த ஐந்து மாடிக் கட்டடம் சூரியனை விழுங்கியதும் குழாய்க்காரர் வாசலைவிட்டு எழுந்தார்.

இது கணக்கில் சேராது. கட்டடத்தின் நிழல் விழுந்தால் பொழுது சாய்ந்ததாக ஆகிவிடுமா?

கதவை உள்ளே தாழிட்டார். ஆள் மொட்டைமாடியில் இருக்கும்போதே கீழே இருந்து கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போன தெரு அது. போனை வேண்டுமென்றே மேசைமேல் வைத்துவிட்டு மாடிக்குப் போனார். கையில் இருந்தால் விரல் சும்மா இருக்காது. கெடு வைத்தவனே முதலில் கூப்பிடுவதாவது.

காலையில் இந்த வாய் கொஞ்சம் சும்மா இருந்திருக்கலாம்.

வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது, ராத்திரி ரயிலுக்கு டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது என்று மகள் சொன்னாள். வேலைக்குப் போவதில் அவருக்கு வருத்தமில்லை. தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றுதான் பற்றிக்கொண்டு வந்தது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு தோழி வீட்டுக்குக் கிளம்பினாள்.

"பொழுது சாயறதுக்குள்ள திரும்பி வந்தா இது உன் வீடு. இல்லேன்னா இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதே!"

நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம். இதை எங்கே போய் அள்ளுவது?

அவர் சொன்னால் சொன்னதுதான் என்பது தெருவுக்கே தெரியும். ஒரு ஸ்பானருக்காகத் தம்பியோடு சண்டை போட்டு, இனி உன் வீட்டுப் பக்கம் வரமாட்டேன் என்றவர், தம்பியின் சாவுக்கும் போகவில்லை. அன்று ஜன்னல் ஓரமாக நின்று அழுதது அவருக்கு மட்டும்தான் தெரியும். போகாதது எல்லோருக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும்.

மொட்டைமாடியில் வெயில் இன்னும் இருந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தார். உட்கார முடியவில்லை. கைப்பிடிச் சுவரோரம் போனார், வந்தார், செடித்தொட்டியை நகர்த்தினார், பழைய இடத்திலேயே வைத்தார்.

வெயில் சுவரைவிட்டு இறங்கியது. அவர் தண்ணீர்த்தொட்டியின் ஏணியைப் பிடித்தார்.

இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். சின்ன வகுப்பில் படிக்கும்போது அவரை இழுத்துவந்து இதே ஏணியில் ஏற்றினாள். "சூரியன் எங்கயும் போகலப்பா. நாமதான் உருண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிறோம். மேல ஏறினா இன்னும் கொஞ்ச நேரம் தெரியும், பாரு." தெரிந்தது. ஒரே சாயங்காலத்தில் இரண்டு தடவை பொழுது சாய்வதைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். பல்லை உடைத்துக்கொள்ளப் போகிறாய் என்று திட்டினாரே தவிர, பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

இப்போது முட்டி கெஞ்சியது. ஏறிவிட்டார்.

தூரத்து செல்போன் கோபுரத்துக்குப் பக்கத்தில் சூரியன் சிவப்பாக நின்றது. அவர் கண்ணைக் கொட்டவில்லை. கொட்டினால் நழுவிவிடும் போலிருந்தது. வந்துடும்மா, வந்துடு, இன்னும் இருக்கு என்று முணுமுணுத்தார்.

கீழே தெருவில் இருட்டியிருந்தது. விளக்குகூடப் போட்டுவிட்டார்கள்.

வீட்டு வாசலில் இருந்து யாரோ பின்னால் நகர்ந்து, தெரு நடுவில் நின்று மேலே பார்த்தார்கள். குழாய்க்காரர் குனிந்து பார்த்தார். வெயிலையே பார்த்த கண்ணில் கரும்பொட்டு ஒன்று மிதந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் அதுதான் இருந்தது.

கையில் பை இல்லை, அவள் இல்லை. எவன் வீட்டுக் குழாயோ ஒழுகுகிறது. வேறு யார் இந்த நேரத்தில் கதவைத் தட்டப் போகிறார்கள்? மாட்டிக்கொண்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

சட்டென்று தலையைக் குனிந்து தொட்டிக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டார்.

எட்டிப் பார்த்தபோது தெருவில் ஆள் இல்லை. நல்லதாகப் போயிற்று என்று மறுபடி மேற்கே திரும்பினார். ஒரு கீற்று இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

வானம் சிவந்திருக்கிறதே, அதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று பார்த்தார். அதுவும் கறுத்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கெடு வைத்தவர் அவர். தூக்கிப் போட வேண்டியவரும் அவர்தானே? சொல்லாவது, மண்ணாவது! தம்பி போனது போதும். ஸ்டேஷனுக்கே போய்ப் பையை வாங்கித் தூக்கிக்கொண்டு, நானும் வருகிறேன், உனக்கு அங்கே தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க வேண்டாமா என்று கேட்டுவிட வேண்டும். நினைத்ததும் சிரிப்பு வந்தது. ஏணியில் இரண்டிரண்டு படியாக இறங்கினார்.

கீழே கதவு இடிபட்டுக்கொண்டிருந்தது. ஓடிப்போய்த் திறந்தார். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்த மனைவி, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"நான் பஸ்ஸைவிட்டு இறங்குறேன், பொண்ணு அழுதுக்கிட்டே ஏறுறா. விளக்கு போட்டதும் ஓட்டமும் நடையுமா வந்து எவ்வளவோ தட்டினாளாம். 'வண்டி வாசல்ல நிக்குது, உள்ள தாழ்ப்பா போட்டிருக்கு. மேல தொட்டிகிட்ட அப்பா தலை தெரிஞ்சுதும்மா, என்னைப் பார்த்ததும் ஒளிஞ்சுக்கிட்டாரு'ங்கிறா. ஏங்க, நீங்க மனுஷன்தானா?"

அவர் வண்டிச் சாவியைத் தேடி ஆணியைத் தடவினார், மேசையைத் தடவினார். பார்த்த இடமெல்லாம் அந்தக் கரும்பொட்டுதான் இருந்தது.