பிழியக் கூடாத துணி

அனுமந்தன்பட்டிப் பெருமக்களுக்கு ஒரு மாபெரும் அறிவிப்பு: சுருளியாண்டி வீட்டு அடுப்படியில் பழைய வேட்டிக் கிழிசலின் ஆட்சி ஒழிந்தது. இனி மைக்ரோஃபைபர்.

அறிவித்தவர் சுருளியாண்டியேதான். திராட்சைத் தோட்டக்காரர், பாசன சங்கத்தின் முன்னாள் துணைத்தலைவர். பதவி போய்விட்டது. தொண்டை போகவில்லை.

கம்பம் கடையில் வாங்கி வந்த அன்றே அக்கம்பக்கத்தைக் கூட்டி, சமையல் மேடையில் காபியைக் கொட்டி, ஒரே இழுப்பில் துடைத்துக் காட்டினார். "ஒரு தடவை பிடிச்சா விடாது. சாயமும் போகாது" என்றார். பக்கத்துத் தோட்டத்துத் தங்கப்பாண்டி கை தட்டினார். அவருக்குச் சுருளியாண்டியின் சிபாரிசில் தோட்டத்துக்குத் தண்ணீர் முறை வாங்க வேண்டியிருந்தது.

பிறகு சட்டங்கள் வந்தன. யூடியூப் பார்த்து இயற்றியவை. வெந்நீர் ஆகாது. பிளீச்சிங் பவுடர் ஆகாது. வாசனைத் திரவம் ஊற்றினால் இழை அடைத்துக்கொள்ளும். பருத்தித் துணியோடு சேர்த்துத் துவைத்தால் அதன் பஞ்செல்லாம் இதில் ஏறிக்கொள்ளும். நிழலில்தான் உலர்த்த வேண்டும். முக்கியமாக, பிழியவே கூடாது. தண்ணீரில் மெல்ல அலசினால் போதும்.

மஞ்சள் அடுப்புக்கு. பச்சை மேடைக்கு. ரோஸ் சிங்க்குக்கு. நீலத்துக்கு மட்டும் தனிச் சட்டம், எல்லாவற்றிலும் கடுமையானது.

மருமகள் முத்துலட்சுமி ஒன்றையும் மீறியதில்லை.

இன்று காலையிலும் வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் அதே துணிகளோடு உட்கார்ந்திருந்தாள். கை வாளிக்குள் இருந்தது. காது வீட்டுக்குள் இருந்தது.

உள்ளே அவள் மகள் திரிஷா படுத்திருந்தாள். மூன்று வயது. நேற்றிலிருந்து வாந்தி. வந்ததெல்லாம் பச்சையாக வந்தது.

பித்தம் என்று தீர்ப்பளித்தார் சுருளியாண்டி.

உத்தமபாளையத்து டாக்டர் அவ்வளவு உறுதியாக இல்லை. பிள்ளை என்ன சாப்பிட்டது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பாலைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை என்றாள் முத்துலட்சுமி. இன்று மதியத்துக்குள் நிற்காவிட்டால் தேனிக்குக் கொண்டுபோகச் சொன்னார். காரணம் தெரியாமல் வைத்தியம் பார்ப்பது இருட்டில் துழாவுகிற மாதிரி என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முத்துலட்சுமியின் முகத்தைப் பார்க்கவில்லை.

கணவன் மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்தில் இருந்தான். டவர் எட்டாத இடம்.

சுருளியாண்டி நடவடிக்கையில் இறங்கினார். பால்காரரைத் தெருவில் நிறுத்தி வைத்துத் திட்டி, இனி வராதே என்று அனுப்பினார். பாக்கெட் பால் வந்தது. பாக்கெட் பாலும் பச்சையாகத்தான் திரும்பி வந்தது.

எனவே விசாரணைக் கமிஷன் குழாயடிக்கு நகர்ந்தது. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏத்தா, உள்ளதச் சொல்லு. சோப்புத்தூள அள்ளிப் போட்டுத் துவைச்சியா இல்லையா? அந்த நுரைதான் பிள்ளை வயித்துக்குள்ள போயிருக்கு."

"நீங்க சொன்ன மாதிரி ஒரு சிட்டிகைதான் போட்டேன் மாமா."

"அப்ப வெயில்ல போட்டிருப்ப."

அவள் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் லேசாக நீலம் தட்டியிருந்தது. கொட்டிவிட்டு வேறு பிடித்தாள். சற்று நேரத்தில் அதுவும் நீலமானது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

நீலத் துணியை வெளியே எடுத்து இரண்டு கையாலும் பிடித்தாள்.

"ஏய் ஏய், பிழியாத! இழை செத்துப்போகும்!"

பிழிந்தாள்.

விரலிடுக்கில் வழிந்த தண்ணீர் சிமெண்ட்டில் ஓடி, சுருளியாண்டியின் செருப்பைத் தொட்டு நின்றது. வாளியில் இருந்ததைவிட அடர்ந்த நீலம்.

"சாயமே போகாதுன்னு ஊரக் கூட்டி வெச்சுச் சொன்னீகளே மாமா. இது என்ன?"

சுருளியாண்டிக்குச் சுருக்கென்றது. தன்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், தான் வாங்கிய பொருளைச் சொல்லலாமா? எழுந்தே விட்டார்.

"சாயமா? யாரப் பாத்து என்ன பேச்சுப் பேசுற? அது மயில்துத்தம். முந்தாநாத்து தோட்டத்துல மருந்து கலக்குறப்ப இதுலதான் வடிகட்டுனேன். அங்கன ஒவ்வொருத்தனும் கிழிஞ்ச வேட்டியில வடிகட்டிட்டு, ஸ்பிரேயர் நாசில் அடைச்சுக்கிருச்சுன்னு நிப்பானுக. இது ஒரு தூசிய விடலையே! அம்புட்டையும் பிடிச்சு வெச்சுக்கிருச்சு. தங்கப்பாண்டி வாயப் பொளந்துட்டான்."

திராட்சைக் கொடிக்கு நோய் வராமல் அடிக்கிற மயில்துத்தத்தை, அந்த ஊரில் எல்லா வீட்டிலும் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில்தான் வைப்பார்கள். சுருளியாண்டியும் பரணில்தான் வைத்திருந்தார். அதில் அவர் கண்டிப்பானவர்.

"அலசுனீகளா மாமா?" அவள் குரல் கீழே இறங்கியிருந்தது.

"அலசாமயா? முறைப்படி அலசித்தான் ஆணியில மாட்டுனேன். உன்னய மாதிரிப் பிழியல."

உள்ளே பிள்ளை குமட்டும் சத்தம் கேட்டது.

முத்துலட்சுமி ஈரத் துணியைப் பாலித்தீன் பையில் திணித்தாள். உள்ளே ஓடி மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலைத் தாண்டித் தெருவில் போன ஆட்டோவை மறித்தாள்.

"பிள்ளையத் தூக்கிட்டுப் போறது சரி. துணிய எங்கத்தா கொண்டுபோற?" பின்னாலேயே வந்தார் சுருளியாண்டி. "வெயில்ல காட்டாத!"

"டாக்டர்ட்ட காட்டணும் மாமா."

ஆட்டோ போய்விட்டது. டாக்டருக்கும் துணிக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் தெருவில் நின்று யோசித்தார். தன் சட்டங்களை வரிசையாக நினைவுபடுத்திப் பார்த்தார். மஞ்சள், பச்சை, ரோஸ்.

நீலம், பேத்தியின் பால் தம்ளரைத் துடைக்க மட்டும்.