ஒன்றுக்குக் கீழே

"இலக்கியா இருக்குறாளா, தேடு" என்றார் அப்பா.

வாசலில் டிராக்டர் நின்றது. கச்சிராயபாளையம் ரோட்டு மறியலுக்கு ஆள் ஏற்றிப் போகிற டிராக்டர். இவர் ஏறாமல் துண்டும் தோளுமாக என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

இட ஒதுக்கீடு கேட்டால், நீங்கள் எத்தனை பேர் என்று திருப்பிக் கேட்கிறார்கள். எங்கள் ஜனத்தைக் கடைசியாக எண்ணியவன் வெள்ளைக்காரன். அதனால் எங்கள் ஜாதிச் சங்கமே வீடு வீடாகப் போய் எண்ணியது. நான் கொரோனாவால் சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவன். அந்தக் கணக்கு என் கம்ப்யூட்டரில் வந்து விழுந்தது.

எண்ணும்போது என் தங்கை இலக்கியா இருந்தாள். நர்ஸ் படிப்பு முடித்திருந்தாள்.

ஆவணியில் அவளைக் கொரோனா கொண்டுபோய்விட்டது.

நேற்று சங்கத்தில் கண்டிப்பாகச் சொன்னார்கள். இறந்தவர் பெயர் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒரு பொய்த் தலை சிக்கினால் மொத்தக் கணக்கையும் பொய் என்பார்கள்.

அப்பா மரவள்ளித் தரகர். சாமி வரம் கொடுத்தாலும் முதல் விலைக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்.

"ஒரு தலை ஜாஸ்தியா இருந்தா கவர்மெண்டு முழுகிடுமா?" என்று காலையிலேயே ஆரம்பித்தார்.

அவ பேர எடுத்தாச்சுப்பா என்றேன். பேரம் அதோடு நின்றது என்று நினைத்தேன். டிராக்டர் வந்த பிறகுதான் தெரிந்தது, நிற்கவில்லை.

ஊர், பெண், நர்ஸ் படிப்பு, பெயர் எல்லாம் அடித்தேன். ஆனால் தேடச் சொல்லவில்லை. தேடினால் எத்தனை வரும் என்று மட்டும் கேட்டேன். எனக்கும் கொஞ்சம் அவகாசம் வேண்டியிருந்தது.

"இன்னா சொல்லுது?"

"இன்னும் தேடலப்பா. எத்தினி பேர் வருவாங்கன்னு குத்துமதிப்பு போடுது. எல்லாரையும் பாக்காது. முன்னாடியே அங்கங்க கொஞ்சம் பேரப் பாத்து வெச்சிருக்கும். பொம்பளைங்க எத்தினி பங்கு, நர்சு எத்தினி பங்குன்னு. அந்தப் பங்கையெல்லாம் பெருக்கிச் சொல்லும்."

அப்பா நிமிர்ந்தார். என் படிப்பின் மேல் முதல் தடவையாக மரியாதை வந்த மாதிரி இருந்தது.

"மரவள்ளிக் கொல்லையில நாலு செடி புடுங்கிப் பாத்து, இத்தினி லோடுன்னு சொல்றமே."

"அதேதான்."

திரையில் ஒன்று என்று வந்தது.

"ஒண்ணு கீதே" என்றார்.

"அது ஒண்ணுக்குக் கீழ போகாதுப்பா. யாருமே இல்லன்னாலும் ஒண்ணுன்னுதான் சொல்லும்."

அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல தரகன்டா அவன். இல்லன்ற பேச்சே வாயில வரல பாரு."

வெளியே ஹாரன் அடித்தது. "பூமாலண்ணே, வர்றீங்களா இன்னா? மந்திரிங்கல்லாம் உங்களுக்காகக் காத்துக்கினு கீறாங்க" என்று டிராக்டரிலிருந்து தனசேகரன் கத்தினான். டிராக்டரே சிரித்தது.

நிஜமாகவே தேட, பட்டன் மேல் விரலை வைத்தேன்.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். கிழங்கு மண் போகாத கை.

"வாணாம் தமிழு. தோண்டிட்டா அப்புறம் பேரம் ஏது?"

எழுந்து போனார். டிராக்டரில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். எண்ணு, எண்ணு, எங்களை எண்ணு என்று கோஷம் கிளம்பியது. அத்தனை குரலிலும் அவர் குரல் தனியாகக் கேட்டது, தெரு முனை திரும்பும்வரை.

திரையில் அந்த ஒன்று அப்படியே இருந்தது.

இறந்தவர் பெயர்களைக் காலையிலேயே நீக்கிவிட்டேன். பக்கத்து வீடு, எதிர் வீடு, ஊரில் ஒரு வீடு பாக்கியில்லை.

எங்கள் வீட்டைத் தவிர.

தேடியிருந்தாலும் ஒன்று என்றுதான் வந்திருக்கும்.