கோப்பை நிறைய நுரை
சூடேற்றும் இயந்திரத்தின் மூடியைத் தூக்கியதும், கறுப்புப் பனியன் மேல் அச்சடித்த நுரை மட்டும் உப்பிக்கொண்டு நிற்கிறது. பெல்ஜியத்தில் புதிதாகப் பீர் காய்ச்சத் தொடங்கியிருக்கும் ஒரு சின்னக் கம்பெனிக்காகக் கோமளா கம்ப்யூட்டரில் வரைந்த சின்னம் அது: பொங்கி வழியும் ஒரு கண்ணாடிக் கோப்பை. பதினோரு மணி வெயிலில் வெள்ளை மை ஈரம்போல மினுங்குகிறது. வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பூபாலன், படத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கம்பெனி அனுப்பிய மெயிலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையின் விரலால் குமிழ்களை ஆசையாகத் தடவுகிறான். “நுரை அப்பிடியே அசலா இருக்குதாமுங்க. பாட்டில் லேபிளுக்கும் இதையே போட்டுக்கறாங்களாம். ஏனுங்கக்கா, பீரையே பாக்காம எப்பிடீங்க வரைஞ்சீங்க?” கோமளா ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறாள். பின்பக்க ஓடையில் சாயப்பட்டறைத் தண்ணீர் இன்றைக்கு ஊதா நிறத்தில் போகிறது. இருட்டுவதற்குள் அவளுடைய அப்பாவின் தென்னந்தோப்பைத் தொட்டுவிடும். “எங்க தோப்புக் கெணத்தைப் போட்டோ புடிச்சு வெச்சுத்தானுங்க வரைஞ்சேன்,” என்கிறாள், திரும்பாமலே. “வாளிய உள்ள உட்டாப் போதும், இப்பிடித்தான் பொங்குமுங்க.” இயந்திரம் புஸ்ஸென்று மூச்சு விடுகிறது. பூபாலன் நுரையிலிருந்து விரலை எடுத்து, பேண்ட்டில் துடைத்துக்கொள்கிறான்.