நடுமண்

மூன்றாவது முறையும் கருவி பூஜ்யம் என்றே காட்டியது.

அவள் சிவப்பு விளக்கின் கீழ் உட்கார்ந்து அந்த எண்ணையே வெறித்துப் பார்த்தாள்.

புதைந்த மணலுக்கு வயது சொல்வது அவள் வேலை. கடைசியாக எப்போது வெயில் கண்டது என்பதை மணல் தனக்குள் வைத்திருக்கும். குழியின் சுவரில் இரும்புக் குழாயை அடித்துச் செருகி, மண்ணோடு உருவி, ஒளி படாமல் சுற்றிக் கொடுத்தால் போதும், சொல்லிவிடுவாள்.

இந்தக் குழாய் அவள் கணவனுடையது.

தான் தோண்டும் ஊர் மூவாயிரம் வருடப் பழசு என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். நேற்று முளைத்த காளான் என்று கூட இருந்தவர்களே சிரித்தார்கள். அவர்கள் வாயை அடைக்கக் குழாயை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினான். அடிக்கும்போது சுவர் சரிந்தது. ஆள் போய்விட்டான்.

இப்போது அந்த இடத்தில் தார்ச்சாலை ஓடுகிறது. இனி அங்கே ஒரு பிடி மண் எடுக்க முடியாது.

குழாயும் போயிற்று என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பத்து மாதம் கழித்து, போன வாரம், குழி வேலையைப் பார்த்த மேஸ்திரி அதைக் கொண்டுவந்து கொடுத்தார். சுவரில் பாதி இறங்கியிருந்தது, இத்தனை நாள் கொடுக்க மனசு வரவில்லை என்றார். ஆளைத்தான் காப்பாற்ற முடியவில்லை, அவன் சொல்லையாவது காப்பாற்றிவிடலாம் என்று அவளுக்கு உயிர் வந்தது.

வெளிச்சம் பட்டிருக்கக்கூடிய முனைமண்ணை ஒதுக்கிவிட்டு நடுமண்ணை மட்டும் எடுத்தாள். அதில் ஒரு புல்வேர் கிடந்தது. இரண்டு ஆள் ஆழத்தில் புல் ஏது என்று யோசித்தாள், ஆனாலும் வேரை எடுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள்.

வெளிச்சம் பட்டால்தான் மணலின் வயது பூஜ்யமாகும், யாரோ குழாயைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். மேஸ்திரிக்குப் போன் போட்டு, அவரைப் பேசவிடாமல் வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

அவர் கோபப்படவில்லை.

"சத்தியமா பிரிக்கலைம்மா. சார் கையில இருந்து வாங்கின உடனே கருப்புக் கவர்ல சுத்திட்டேன். அந்த விரலைப் பிரிக்கத்தான் ரொம்ப நேரமாச்சு."

சொன்ன பிறகுதான், சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அவசரமாகக் கருப்புக் கவரைப் பற்றியே மறுபடி சொல்லத் தொடங்கினார்.

சுவரில் அல்லவா இருந்தது என்று அவள் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டாள்.

புல்லோடு வெட்டிக் கரையில் கொட்டியிருந்த மேல்மண்தான் சுவரோடு சேர்ந்து அவன்மேல் விழுந்திருக்கிறது. வெயிலில் கிடந்த மண், வயது பூஜ்யம். அது குழாயின் நடுவரை இப்படி இறுக வேண்டுமென்றால், கையில் பிடித்துத் திரும்பத் திரும்பக் குத்தியிருக்க வேண்டும்.

விழுந்த நிமிடமே உயிர் போய்விட்டது, அவனுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். அதை நம்பித்தான் பத்து மாதமாக அவளுக்குச் சோறு இறங்கியது.

அவனை வெளியே எடுக்க ஐம்பது நிமிடம் ஆயிற்று. மேஸ்திரியும் ஆட்களும் ஓயாமல் மேலிருந்து தோண்டினார்கள்.

அவன் கீழிருந்து தோண்டியிருக்கிறான்.